ஒற்றைக் குரலின் வீச்சு

பல குரல் இசைக்கு ஏறிச்செல்லும் முதற்படிதான் ஒற்றைக் குரல் மெட்டு என்று ஐரோப்பிய இசை வரலாற்றைச் சுருக்கிச் சொல்வதுண்டு. ஜெர்மனியில் பிங்கன் நகரருகே கன்னியர் மடம் நடத்திய ஹில்டெகார்டின் (1098–1179) பாடல்கள் அந்தக் கணக்கைக் குலைக்கின்றன. எழுபதுக்கும் மேற்பட்ட அந்தப் பாடல்கள் ஒவ்வொன்றிலும் எழுதப்பட்டிருப்பது ஒற்றை மெட்டுதான். ஆனால் அது பல இடங்களில் ஒரு ஸ்தாயியைத் தாண்டிப் போகிறது. ஒரே அசையின்மேல் ஸ்வரங்களை அடுக்குகிறது. அவருடைய ‘ஓர்டோ விர்டூட்டும்’ நாடகத்தில் நற்குணங்கள் பாடுகின்றன. சாத்தானுக்குப் பாட்டே கிடையாது, வெறும் பேச்சுதான்.

துணைக்குரல் இல்லாத இசை வறண்டுபோகாதா என்று கேட்கலாம். தாங்க வேறு குரல் இல்லாதபோது ஒவ்வொரு ஸ்வரமும் தன் பாரத்தைத் தானே சுமக்கிறது. வளைவும் நிறுத்தமும் கூர்மையாகின்றன. ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல. ஹில்டெகார்ட் வாழ்ந்த அதே நூற்றாண்டில் பாரிஸில் பலகுரல் இசை வளர்ந்தது உண்மை. அதனால் ஹில்டெகார்டின் மெட்டு குறைபட்டதாகிவிடாது. தன்னளவில் அது நிறைவான கலை.