யோபுவின் வழக்கும் மாண்ட மக்களும்

குற்றமற்றவன் ஏன் துன்புறுகிறான் என்னும் வினாவுக்கு விடை கூறும் நூல் என்று, பழைய ஏற்பாட்டிலுள்ள 'யோபு' பலராலும் போற்றப்படுகின்றது. உண்மையில் அந்நூல் விடை கூறவில்லை. பிறர் கூறிய விடைகளைத் தள்ளுகின்றது. அதன் பெருமையும் அதுவே.

42 அதிகாரங்கள் கொண்ட இந்நூலின் முகப்பும் முடிவும் உரைநடை, நடுப்பகுதி செய்யுள். உரைநடையில் வரும் யோபு பொறுமையின் வடிவம். செய்யுளில் வருபவனோ தான் பிறந்த நாளையே சபிக்கிறான். கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். அவனுடைய பொறுமையை மட்டும் எடுத்தோதுவோர் முதலிரண்டு அதிகாரங்களோடு ஏட்டை மூடிவிட்டவரே ஆவர்.

ஆறுதல் கூற வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறவாது அவனருகே தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நன்மை அஃதொன்றே. பேசத் தொடங்கியதும், துன்பம் வந்ததெனின் குற்றம் இருந்தே தீரவேண்டும் என்று சாதித்தனர். கடவுளுக்காக வாதாடுவதாக எண்ணி, வீழ்ந்து கிடந்தவனைக் குற்றவாளியாக்கினர். இறுதியில் கடவுள் அம்மூவரையே கடிந்து, யோபு பேசியதே சரியென்கிறார். முறையிட்ட நாவை ஏற்று, முகமன் கூறிய நாவைத் தள்ளிய தீர்ப்பு இது!

எனினும் நூலின் முடிவு உறுத்துகின்றது. 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன. 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆகின்றன. மக்கள் மட்டும் முன்போலவே ஆண் எழுவர், பெண் மூவர். மாண்டவர் கடவுளிடம் வாழ்வதால் மக்கட்செல்வமும் இரட்டித்ததே என்று அமைதி கூறுவாரும் உளர். நூலில் அதற்குச் சான்றில்லை. வீடு இடிந்து மாண்ட பதின்மருக்காக அங்கு வழக்குரைப்பார் எவருமிலர்.

அவ்வழக்கைக் கையிலெடுத்தவர் ருஷிய நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கி. 1878இல், மூன்று வயதும் நிரம்பாத தம் மகன் அலியோஷாவைப் பறிகொடுத்தவர் அவர். 1879–80இல் வெளிவந்த 'கரமாசோவ் சகோதரர்க'ளில் இவான், ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கொண்ட பேரின்பம் தனக்கு வேண்டா என்கிறான். அவன் தம்பி, குற்றமற்ற குருதியைச் சிந்திய கிறிஸ்துவைச் சுட்டுகிறான். அத்தம்பிக்கும் அலியோஷா என்றே பெயர். பின்னர்த் துறவி சோசிமா, யோபு புதிய மக்களை எங்ஙனம் நேசித்திருக்கக் கூடும் என்று தாமே வினவி, பழந்துயர் மெல்ல மெல்ல அமைதியான மகிழ்வாக மாறும் என்கிறார்.

இவ்விரு மறுமொழிகளுள் தம்பியினதே வலிது. காலம் துயரை ஆற்றலாம். ஆற்றுவதால் நீதி பிறவாது. சிலுவையும் காரணம் கூறுவதில்லை. ஆனால், கடவுள் துன்பத்துக்குப் புறத்தே நின்று தீர்ப்பளிப்பவரல்லர், அதனுள் கிடந்து கதறியவர் என்கிறது. கிறித்துவ இறையியலின் தனிச்சிறப்பு இது. ஆயினும், பிள்ளையை இழந்த தாயிடம், 'ஆகையால் அழாதே' என்று அதனையே நீட்டுவோர் எலிப்பாஸின் இனத்தவரே. அவளுக்கு முதலில் வேண்டுவது விளக்கமன்று. அந்த ஏழு நாள் மௌனமே.