நூல் பேசிய மொழி

டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த அமெரிக்கக் கலைஞர் ஜூடித் ஸ்கொட் (1943–2005), ஏழாம் வயதிற் பராமரிப்பு நிலையத்தில் விடப்பட்டார். செவிப்புலன் இன்மையை அறியாமலே, கற்பிக்க இயலாதவர் எனத் தீர்ப்பளித்தனர். முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் இரட்டைச் சகோதரியே அவரை மீட்டார்.

1987இல் ஓக்லண்ட் கலைக்கூடத்திற் சேர்ந்தவரைச் சித்திரம் அதிகம் ஈர்க்கவில்லை, நூல் ஈர்த்தது. கிடைத்த பொருள்களை நூலாற் சுற்றி, முடிந்து, சிற்பங்களாக்கினார். தழுவி நிற்கும் இரட்டையுருக்களிற் பிரிவின் வேதனையைக் காண்போர் உளர்.

இவற்றைக் கள்ளமற்ற உள்ளத்தின் விளையாட்டெனப் புகழ்வது திறனாய்வன்று. வாரக்கணக்கான உழைப்பையும், படைப்பு முற்றுப்பெற்றதைத் தாமே தீர்மானித்த கலையுணர்வையும் அப்புகழ்ச்சி மறைக்கின்றது.

நோர்வூட் தோட்டப் பாடசாலைகளிற் கற்பிக்கும் நாமும், “இதன் மண்டையில் ஏறாது” என்று ஒரு பிள்ளையை ஒதுக்குமுன், அதன் கையில் எதைக் கொடுத்தோம் என வினவுதல் வேண்டும்.