தொட்டில் வீட்டுக்கு எந்த இனிப்பு?

பெயர் வைக்கும் நாள் வீட்டுக்கு வீடு மாறும். சிலருக்குப் பதினோராம் நாள் புண்ணியாகவாசனம், சிலருக்குப் பதினாறு, சிலருக்கு முப்பது. குழந்தையைத் தொட்டிலில் இட்டதும் வந்தவர்களுக்குக் காப்பரிசி கொடுப்பது தமிழ்நாட்டில் பல வீடுகளின் வழக்கம். இப்போது அந்த இடத்துக்குக் கடைப் பெட்டி வந்துகொண்டிருக்கிறது. பாட்டி செய்தாள் என்பதற்காக மட்டும் காப்பரிசிக்குப் பரிந்து பேச எனக்கு மனமில்லை. இந்த விழாவுக்கு அது பொருந்துகிறதா என்பதே கேள்வி.

முதலில் அந்த வீட்டின் நிலைமையைப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் விழித்த தாய், அவளோடு சேர்ந்து விழித்த அவளுடைய அம்மா. விருந்தாளிகள் ஒரே பந்தியாக வருவதில்லை. காலையில் நாலு பேர், மாலையில் பத்துப் பேர், மறுநாளும் இரண்டு பேர். ஆகவே முன்கூட்டியே செய்துவைக்க முடிவதும், பல நாள் கெடாமல் இருப்பதும், கையில் அள்ளிக் கொடுக்க வாகாக இருப்பதும்தான் இங்கே முதல் தகுதி. சுவை அதற்கு அடுத்ததுதான்.

இந்தக் கணக்கில் ரவா கேசரி தோற்கிறது. இருபது நிமிடத்தில் ஆகிவிடும், பல் இல்லாதவரும் சாப்பிடலாம். ஆனால் ஆறியபின் இறுகிவிடும். பாயசத்துக்கு ஆள் நின்று பரிமாற வேண்டும். கடைப் பெட்டியில் வேலை மிச்சம் என்பதை மறுக்க மாட்டேன். கைகொடுக்க ஆளில்லாத வீட்டில் அதை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பெட்டியில் இருக்கும் பால் இனிப்பு இரண்டொரு நாளில் புளிப்பு வாடை தட்டும். செலவும் பல மடங்கு.

காப்பரிசி இந்தத் தகுதிகளில் தேறும். ஆனால் சரியாகச் செய்தால் மட்டுமே தேறும். பலரும் அதை வெறுத்ததற்குக் காரணம் தவறான பக்குவம்தான் என்பது என் முடிவு.

பச்சரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்ப வேண்டும். மேல் ஈரம் போனதும் வெறும் வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பொரிய வறுக்க வேண்டும். உள்ளே ஏறிய நீர் ஆவியாகி அரிசியை உப்ப வைக்கிறது. ஊறாத அரிசி சிவக்குமே தவிர உப்பாது. பல்லுக்குக் கல்லாக இருக்கும். வாணலியில் மொத்தமாகக் கொட்டினாலும் சூடு குறைந்து, பொரியாமல் காய்ந்துதான் போகும்.

அடுத்தது பாகு, பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறது. ஒரு கப் அரிசிக்கு முக்கால் கப் வெல்லம். கரைத்து, மண்ணும் சக்கையும் போக வடிகட்டிக் கொதிக்கவிட வேண்டும். இளம்பாகில் இறக்கினால் மிச்சமுள்ள நீர் அரிசிக்குள் இறங்கி மறுநாளே நமுத்துவிடும். தண்ணீரில் விட்ட பாகைத் திரட்டித் தட்டில் போட்டால் ‘டங்’கென்று ஓசை வர வேண்டும். அந்தப் பதத்தில் சூடு 120 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். உடனே அரிசி, பொட்டுக்கடலை, வறுத்த எள், ஏலக்காய், சுக்கு எல்லாம் சேர்த்துக் கிளறி உதிர்த்துவிட வேண்டும். தேங்காயைத் துருவிப் போடக் கூடாது. பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க வறுத்துச் சேர்த்தால்தான் சிக்கு வாடை சீக்கிரம் வராது. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மூடி இறுகிய டப்பா அவசியம்.

வறுக்காமல், ஊறிய அரிசியில் வெல்லம் கலந்து செய்யும் காப்பரிசியும் உண்டு. ஆடிப்பெருக்கில் காவிரிக் கரையில் படைத்து அங்கேயே பகிர்ந்து தின்ன அது அருமையானது. அன்றே தீர்ந்துவிட வேண்டிய பண்டம் என்பதால் விருந்தாளிகள் விட்டுவிட்டு வரும் தொட்டில் வீட்டுக்கு அது ஒத்துவராது.

எவ்வளவு நன்றாக வறுத்தாலும் முதியவர்களுக்குக் காப்பரிசி கடினம்தான். அவர்களுக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தில் பாயசம் வைப்பதே மரியாதை. மூன்று, நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் இதை அள்ளிக் கொடுக்கவே கூடாது. தேங்காய்ப் பல்லும் கடலையும் தொண்டையில் அடைக்கும்.

இத்தனையையும் எடைபோட்டுச் சொல்கிறேன்: வறுத்த அரிசியும் கெட்டிப் பாகும் சேர்ந்த காப்பரிசிதான் பெயர் சூட்டும் நாளுக்கு முதல் தேர்வு. தாய்க்கு ஓய்வு வேண்டும் என்பதால் அத்தையோ சித்தியோ இரண்டு நாள் முன்பே செய்து கொண்டுவந்து விடலாம்.

இனிப்பெல்லாம் வந்தவர்களுக்குத்தான். பாகில் ஒரு துளி, தேனில் ஒரு சொட்டு, சர்க்கரைத் தண்ணீர் என்று குழந்தையின் நாக்கில் தொட்டு வைக்கும் வழக்கத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கலாம். அதனால்தான் ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆசையோடு தேன் கிண்ணத்தை எடுத்து வரும் பெரியவர்களிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.