பழி யாரைச் சேரும்? – ‘குருதிப்புனல்’ குறித்து ஒரு மதிப்பீடு

ஊரறிய ஒரு கொடுமை நிகழ்ந்தவுடன், மாண்டவரை எண்ணி முடிப்பதற்குள் பழியைப் பங்கிடும் வேலை தொடங்கிவிடுகிறது. அந்த வழக்கில் இலக்கியம் யார் பக்கம் நின்று சான்று கூறும்? இந்த வினாவை நம்முன் வைக்கும் படைப்பு இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த ஆசிரியர், காவிரிக்கரையின் தீயைப் பற்றி எழுதிய நாவல் அது. 1975இல் வெளிவந்து, 1977இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது.

1968 டிசம்பர் 25 இரவு, தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிந்தன. கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியின் கீழ்த் திரண்ட தலித் உழவர்களின் குடும்பங்கள் அவை. மாண்டவருள் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அன்று நிலவுடைமையாளர் தரப்பில் ஒருவரும் கொல்லப்பட்டார்.

பொதுவுடைமைக் கட்சியின் தூண்டுதல் என்றனர் சிலர். அண்ணா தலைமையிலான அரசு காக்கத் தவறியது என்றனர் சிலர். வெறும் கூலிப் பூசல் என்று சொல்லி அமைந்தோரும் உண்டு. கூலியை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969இல் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. நிலவுடைமையாளர் சிலருக்கு 1970இல் விசாரணை நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிலவுடைமையாளர் தரப்பில் நேர்ந்த ஒரு கொலைக்குத் தொழிலாளர் தண்டனை பெற்றனர். நாற்பத்து நான்கு உயிர்களுக்கோ சட்டத்தின்முன் குற்றவாளியே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ‘குருதிப்புனல்’ பிறந்தது.

நாவலாசிரியர் கண்ட விடை யாது? பண்ணையார் கண்ணையா நாயுடுவின் ஆண்மைக் குறையும், அதனை மறைக்க அவர் மேற்கொள்ளும் ஆதிக்க வெறியும் கதையின் ஊற்றுக்கண்ணாக அமைகின்றன. பாத்திரப் படைப்பு என்ற அளவில் இது கூர்மையானது. அதிகாரம் தன் ஊனத்தைக் கொடுமையால் மூடும் என்பது மெய்யே. எனினும், இடதுசாரித் திறனாய்வாளர் எழுப்பிய தடையை எளிதில் ஒதுக்க இயலாது. பண்ணையார் குறையற்ற உடலினராக இருந்திருந்தால் குடிசை எரியாதிருக்குமா? நிலமும் சாதியும் கூலியும் சேர்ந்து மூட்டிய தீயை ஒருவரின் உள்நோயாகக் காட்டும்போது, அவரைச் சூழ்ந்த பலர் தப்பிவிடுகின்றனர்.

ஆயினும் நாவலை இக்குறை ஒன்றாலேயே தள்ளிவிடுதல் முறையன்று. காவல்துறையும் அதிகாரிகளும் பண்ணையின் நிழலில் ஒதுங்குவதை அது ஒளிக்கவில்லை. தில்லியிலிருந்து சிற்றூருக்கு வந்த கோபால், சிவா ஆகிய படித்த இளைஞர்களின் கண்வழியே நாம் காண்கிறோம். அவர்களுடைய தடுமாற்றம் நம்முடையதும் ஆகும். இந்நாவலின் வலிமை இதில் உள்ளது, வரம்பும் இதுவே. ஆராயும் நண்பர்கள் நம் நினைவில் நிலைக்கும் அளவுக்கு, எரிந்தோர் நிலைப்பதில்லை. பழியின் உளவியலைத் தேடிய பேனா, இழப்பின் முகங்களைத் தீட்ட மறந்தது. 1999இல் வந்த சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ உழவர் வாழ்வை முன்னிறுத்தி இக்குறையை ஓரளவு நிறைவு செய்தது.

பழியில் மூன்று படிகள் உண்டு: தீ வைத்த கை, ஏவிய வாய், இரண்டையும் காத்த அமைப்பு. அரசியல் மேடை தனக்கு உதவும் படியை மட்டும் சுட்டும். நீதிமன்றம் கையை மட்டுமே தேடும். சான்று போதாவிடில் விட்டுவிடும். மூன்றையும் ஒருங்கே காணும் கடமை இலக்கியத்துக்கு உண்டு. ‘குருதிப்புனல்’ ஏவிய மனத்தை ஆழமாகவும், காத்த அமைப்பை மேலோட்டமாகவும் கண்டது.

தொலைவில் வாழும் நமக்கு ஊர்ச்செய்தி பெரும்பாலும் கட்சியின் வண்ணம் தோய்ந்தே வருகிறது. நாமும் நமக்குகந்த எதிரியைத் தேர்ந்து அமைதியடைகிறோம். அந்த எளிய அமைதியைக் கலைப்பதால், குறைகளோடும் இந்நாவல் மீண்டும் படிக்கத் தக்கது. இன்னார் குற்றவாளி என்று கூறி முடிப்பதற்குமுன், எரிந்தவர் யார் என்று கேட்கப் பழகுவோமாக.