சில்லோடு பிறந்த மென்பொருள்: ரிஸ்க் ஓஎஸ் எதிர்கொள்ளும் மூன்றாம் வாசல்

நம் கைபேசிகளில் ஓடுவது அநேகமாக ஆர்ம் வகைச் செயலிதான். அதோடு ஒரே வீட்டில் வளர்ந்த இயங்குதளம் ஒன்று உண்டு. அதன் பெயரைக் கேட்டவர்களே குறைவு. ரிஸ்க் ஓஎஸ் இன்றும் பராமரிக்கப்படுகிறது, புதிய பதிப்புகள் வருகின்றன. ஆனால் கூடப்பிறந்த செயலி எட்டி நடக்க, பின்னால் மூச்சிரைக்க ஓடவேண்டிய நிலை அதற்கு.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1978இல் தொடங்கியது ஏகார்ன் நிறுவனம். பிபிசி மைக்ரோ கணினியைப் பிரிட்டிஷ் பள்ளிகளுக்குள் கொண்டுசென்றது அதுதான். அடுத்த கணினிக்குப் பொருத்தமான செயலி சந்தையில் கிடைக்காததால், சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் தாங்களே ஒன்றை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் ஆர்ம் சில்லு வேலை செய்தது. 1987இல் அதைத் தாங்கிய ஆர்க்கிமிடீஸ் கணினி ஆர்தர் என்ற, அவசரமாக எழுதிய இயங்குதளத்தோடு வந்தது. அதைச் செப்பனிட்டு 1989இல் தந்ததுதான் ரிஸ்க் ஓஎஸ்.

பழகியவர்கள் அதை விட மறுப்பதற்குக் காரணம் உண்டு. மவுஸில் மூன்று பொத்தான்கள். நடுப்பொத்தானை எங்கே அழுத்தினாலும் அந்த இடத்துக்குரிய பட்டியல் விரியும். கோப்பைச் சேமிக்க அதன் சின்னத்தை இழுத்து வேண்டிய அடைவில் போட்டால் போதும். ஒரு பயன்பாட்டு நிரல் என்பது ஆச்சரியக்குறியில் பெயர் தொடங்கும் ஓர் அடைவு, அவ்வளவே. நகலெடுத்தால் நிறுவியாயிற்று, அழித்தால் நீக்கியாயிற்று. 1990களின் தொடக்கத்தில் இந்த முழு இயங்குதளமும் 2 மெகாபைட் ரோம் நினைவகத்துக்குள் அடங்கியிருந்தது.

இந்தச் சிக்கனத்தின் ரகசியம் அசெம்பிளி மொழி. சில்லின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் அறிந்தவர்கள் அதன் கட்டளைகளிலேயே நேரடியாக எழுதினார்கள். பலமும் அதுவே, விலங்கும் அதுவே. தொடக்ககால ஆர்ம் சில்லுகள் நிரல் முகவரியையும் நிலைக்குறிகளையும் ஒரே ரெஜிஸ்டரில் வைத்தன. முகவரிக்கு மிஞ்சியது 26 பிட் மட்டுமே. பின்வந்த சில்லுகள் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டபோது, அதை நம்பி எழுதிய நிரல்கள் திகைத்து நின்றன. அதற்குள் ஏகார்னும் இல்லை. 1998இல் மேசைக்கணினித் தொழிலிலிருந்து விலகிய அது, மறு ஆண்டே துண்டாடப்பட்டது. காசில் டெக்னாலஜி நிறுவனம் 2002இல் ஐயோனிக்ஸ் கணினியோடு 32 பிட் ரிஸ்க் ஓஎஸ் 5ஐக் கொண்டுவந்ததால் முதல் வாசல் கடக்கப்பட்டது.

இரண்டாவது வாசல் உரிமம். 2006இல் உருவான ரிஸ்க் ஓஎஸ் ஓப்பன் நிறுவனம் மூலநிரலைப் படிப்படியாக வெளியிட்டது. ஆனால் வணிகக் கட்டுப்பாடுகள் நீடித்தன. ரிஸ்க் ஓஎஸ் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2018இல் காசிலை வாங்கி, அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ் நிரலைத் திறந்துவிட்டது. இதற்கிடையே 2012இலேயே ராஸ்பெர்ரி பை என்ற மலிவான பலகையில் குடியேறியதால் புதிய கைகளுக்கும் அது எட்டியிருந்தது. 2024இல் வந்த 5.30 பதிப்பு அந்தப் பலகைகளில் வைஃபையை இயங்கச் செய்தது. மற்றவர்களுக்கு அது பழங்கதை, இங்கே திருவிழா.

மூன்றாம் வாசல் 64 பிட். 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5இன் செயலி, 32 பிட் நிரல்களைச் சாதாரணப் பயன்பாட்டு நிலையில் மட்டும் அனுமதிக்கிறது. இயங்குதளத்துக்குரிய உயர்நிலையில் 64 பிட்டைத் தவிர எதையும் ஏற்பதில்லை. அசெம்பிளியில் எழுதிய கருவை மறுபடி எழுதியாக வேண்டும். லினக்ஸின் மேல் அமர்த்தி ஓட்டும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. அது வாடகை வீடு, சொந்த வீடாகாது. பகுதிநேரத் தன்னார்வலர்களும் சிறு நன்கொடைகளும் வைஃபை வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். கருவை மறுபடி எழுதுவது அதைவிடப் பலமடங்கு பெரிய வேலை.

திறந்த உரிமம் மாற்றி எழுத அனுமதி தருகிறது. எழுதும் ஆளைத் தருவதில்லை. ஏகார்ன் பிறந்தது கேம்பிரிட்ஜில். ஆர்ம் நிறுவனத்தின் தலைமையகம் அங்கே. ராஸ்பெர்ரி பையும் அங்கிருந்துதான் வருகிறது. அந்த ஊரின் புதிய பலகையில், அந்த ஊரின் பழைய இயங்குதளம் தன் காலில் நிற்க வழியில்லை.