நடையும் உயிரும்: கணினிப் புலி பற்றிய ஒரு மதிப்பீடு

உவமை தோன்றும் வகையைத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். இவ்விரண்டிற்கும் முன்னே வினை வைக்கப்பட்டமை சிந்தித்தற்குரியது. கணினியால் ஆக்கப்பெறும் விலங்கும் ஒருவகை உவமையே. உள்ள விலங்கை ஒப்பப் படைத்த இல்லாத விலங்கு அது. அதன் தரத்தை அளக்குங் கோலும் வினையே, சிறப்பாக நடையே, என்பது எமது துணிபு.

இதற்குத் தக்க சான்று, ஆங் லீ நெறிப்படுத்தி 2012 இல் வெளிவந்த 'லைஃப் ஒஃப் பை' என்னும் திரைப்படம். புதுச்சேரியில் வளர்ந்த இளைஞன் ஒருவன், கப்பல் மூழ்கியபின் வங்கப்புலி ஒன்றோடு படகிற் கடலில் அலைகின்றான். சில காட்சிகளில் உயிர்ப்புலியே தோன்றுகின்றது. பெரும்பாலானவற்றில் வருவது றிதம் அன்ட் ஹியூஸ் நிறுவனத்தார் கணினியிற் படைத்த புலி. அதன் மயிரின் நுட்பத்தைப் புகழ்வோர் பலர். நடையின் நுட்பமோ அதனினும் பெரிது.

நாற்கால் விலங்கின் நடைக்கு ஓர் ஒழுங்குண்டு. இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால் என்னும் வரிசையில் அடிகள் பெயரும். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில், பிரெட்றிக் கோட்டையுள் உலவும் புள்ளிமான்களிடத்து இதனைக் கண்கூடாகக் காணலாம். இவ்வொழுங்கை ஒருமுறை அமைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினால் விலங்கு நடப்பதுபோலத் தோன்றும். ஆயினும் அது பொம்மையின் நடையே. உடலின் பாரம் ஓரடியினின்று மற்றோரடிக்கு மாறுதல் புலப்படவேண்டும். ஊன்றிய கால் வழுக்குதல் ஆகாது. புலியின் தோட்பட்டை என்பு தசைகளாலேயே உடலோடு பிணைக்கப்பட்டது. ஆதலின் முன்கால் பாரத்தை ஏற்குந்தோறும் அது முதுகின்மேல் எழும்.

இவையாவும் படத்தின் இறுதிக் காட்சியிற் பயன் தருகின்றன. மெக்சிக்கோக் கரையில் ஒதுங்கிய படகினின்று புலி பாய்கின்றது. மெலிந்த உடலை நீட்டி நெளிக்கின்றது. தளர்ந்து நடந்து, காட்டோரத்திற் சற்றே நின்று, திரும்பிப் பாராது மறைகின்றது. அதன் முகத்தில் மனித உணர்ச்சி எதனையும் கலைஞர் எழுதவில்லை. பட்டினியும் பிரிவும் நடையினாலேயே உணர்த்தப்படுகின்றன. அந்நடை பாரமற்றதாயின், பிரிவாற்றாது இளைஞன் அழும் அழுகை நகைப்புக்கிடமாகியிருக்கும்.

தமிழில் 2014 இல் வந்த 'கோச்சடையான்' நடிகரின் அசைவுகளைக் கருவிகளாற் பதிந்து கணினி உருவங்களுக்கு ஊட்டியது. முயற்சி பாராட்டற்குரியது. எனினும் அவ்வுருவங்கள் நிலத்தை மிதியாது அதன்மேல் மிதப்பனபோலத் தோன்றின. உண்மை மாந்தரின் அசைவே மூலமாயிருந்தும் பாரம் வந்து சேரவில்லை. பொருட்குறையே காரணம் என்பாருளர். அஃது ஓரளவு மெய்யாயினும் முழுவதும் மெய்யன்று. ராஜமௌலியின் 'நான் ஈ' (2012) படத்தில், முகபாவம் காட்டவியலாத சிற்றுயிர் ஒன்று உடலசைவினாலேயே சினத்தையும் உறுதியையும் காட்டிற்று. ஈக்கு இலேசே இயல்பு. அவ்வியல்பு அங்கே பிழையாது பேணப்பட்டது.

கருவியை வாங்கலாம், நோக்குங் கண்ணைப் பயிற்சியாலேயே பெறலாம். இக்கலையைக் கற்க விழையும் எம் மாணவர், கணினிமுன் அமருமுன்னர் கோட்டை மான்களின் அடிபெயர்ப்பைச் சின்னாள் உற்றுநோக்குவாராக. அங்ஙனம் நோக்கியவர் படைக்கும் விலங்கு நிலத்தை மிதிக்கும்.