பூட்டும் பாட்டும்

கடுவெளிச் சித்தர் பாடிய ஆண்டியைத் தெரியாத தமிழர்கள் குறைவு. மாதக் கணக்காய்க் குயவனிடம் மன்றாடி ஒரு மண்பாண்டம் பெறுகிறான். பெற்ற களிப்பில் ஆடி, அதை நொறுக்கிவிடுகிறான். பாண்டம் உடம்பு, குயவன் படைத்தவன், நாலும் ஆறும் சேர்ந்த பத்து மாதம் கர்ப்பவாசம் என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். பாம்பாட்டிச் சித்தரின் பாம்பும் புற்றில் வசிப்பதல்ல. உடம்புக்குள் சுருண்டு கிடக்கும் குண்டலினி.

இத்தகைய மறைபொருள் பாடல்களை மாயக் கதை எழுதுகிறவர்கள் ஆவலோடு தேடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பலர் கையில் பாட்டு வெறும் பூட்டாகிவிடுகிறது. முதல் அத்தியாயத்தில் கிழவி ஒருத்தி பாடுவாள், கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் பொருளைக் கண்டுபிடிப்பான், புதையல் கிடைக்கும். பூட்டுத் திறந்தபின் பாட்டை யார் நினைக்கிறார்கள்?

விடுகதைக்கும் சித்தர் பாட்டுக்கும் உள்ள வேற்றுமையை இவர்கள் கவனிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. விடை தெரிந்ததும் விடுகதை முடிந்துபோகிறது. சித்தர் பாட்டோ, விடை தெரிந்த பிறகுதான் ஆரம்பமாகிறது. உடைந்தது நம் உடம்புதான் என்று அறிந்தபின் அந்த ஆண்டியைப் பார்த்து முன்போல் சிரிக்க முடியுமா?

ஆங்கில நாவலாசிரியர் டோல்கீன் இந்தச் சூட்சுமம் அறிந்தவர். 1937-இல் வெளிவந்த 'ஹாபிட்' கதையில் பில்போவும் கோல்லமும் குகை இருட்டில் விடுகதைப் போட்டி போடுகிறார்கள். விடையுள்ளவை எல்லாம் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தன் பையில் இருப்பது என்னவென்று கடைசியில் பில்போ கேட்டது விடுகதையே அல்ல. ஆனால் அந்தப் பையில் கிடந்த மோதிரமே 1954, 1955-இல் வந்த மூன்று பெரிய பாகங்களுக்கு வித்தாயிற்று.

நமக்கும் சரக்குக்குப் பஞ்சமில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளாற்றில் அணைக்கட்டு, அருகே வீராணம் ஏரி. கல்கி 1950-இல் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கியது அந்த ஏரிக்கரையில்தான். மேற்கே போனால், களிமண்ணைப் பீங்கானாகச் சுடும் விருத்தாசலம். மண்ணும் நீரும் நெருப்பும் கூடிய அந்த வட்டாரத்தில் ஒரு மாயக் கதையைத் தொடங்கலாம். உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு ஆண்டி மறுபடியும் குயவன் வாசலில் வந்து நிற்கிறான். குயவன் என்ன சொல்லுவான்?

சித்தர் நிறுத்திய இடம் அது. கதாசிரியன் தொடங்க வேண்டிய இடமும் அதுவே. பொருள் விளக்குவதை உரையாசிரியரிடம் விட்டுவிடலாம். கதையை மூடி வைத்த வாசகர் பாட்டியிடம் போய் அந்தப் பாட்டை இன்னொரு முறை பாடச் சொன்னால், கதாசிரியன் வென்றான்.